தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் நதிகளுக்குத் திட்டம் போட்ட கதை

1901-ம் ஆண்டு. கோடை விடுமுறை.

பம்பாய் மாகாணத்தில் மசூர் என்ற சின்ன ரெயில் நிலையம். சாயங்கால ரெயிலில் இருந்து சில சிறுவர்கள் இறங்கினார்கள். புதுச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, பளபளக்கும் தொப்பி, காலில் புது ஜோடு! தூரத்து ஊரில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு வந்தவர்கள். அப்பா ஆள் அனுப்புவார் என்று காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் அருகில் வந்து அன்பாக விசாரித்தார். "நீங்கள் என்ன சாதி?" என்று கேட்டார். சிறுவர்கள் கள்ளம் கபடம் இல்லாமல் "மகார்" என்றார்கள். அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது. மகார் என்பது தீண்டப்படாத சாதி.

வாடகை மாட்டு வண்டிக்காரர்கள் அவர்களை ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்குச் சம்மதித்தான். அதிலும் ஒரு நிபந்தனை: வண்டியைச் சிறுவர்களே ஓட்டவேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். அவர்களோடு ஒரே வண்டியில் உட்கார்ந்தால் தீட்டு!

கையில் நிறையச் சாப்பாடு இருந்தது. தண்ணீர்தான் இல்லை. வழியில் ஓடையில் கிடைத்தது, மாடுகள் கலக்கிவிட்டுப் போன சேறு. இரவில் ஒரு சுங்கச்சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். "முஸ்லிம்கள் என்று சொல்லிக் கேளுங்கள், தண்ணீர் தருவார்கள்" என்று வண்டிக்காரன் யோசனை சொல்லிக் கொடுத்தான். அப்படியே கேட்டார்கள். அதுவும் பலிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டினியாகவே படுத்தார்கள். தொண்டை வறண்டிருக்கும்போது சோறு எப்படி இறங்கும்?

அந்தச் சிறுவர்களில் ஒருவனுக்கு அப்போது பத்து வயது. பெயர் பீமராவ். பிற்காலத்தில் டாக்டர் அம்பேத்கார் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். இந்தச் சம்பவத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். மற்றப் பிள்ளைகள் தாகம் எடுத்தால் குழாயைத் திறந்து குடிப்பார்கள். பீமராவ் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

மூன்று காகிதங்கள்

இனி, மகாத் என்ற ஊருக்குப் போவோம். இன்றைய மகாராஷ்டிராவில், ராய்கட் மாவட்டத்தில், சாவித்திரி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அந்தக் காலத்தில் கொலாபா ஜில்லா என்பார்கள். ஊரின் நடுவில் பெரிய குளம். சவுதார் குளம் என்று பெயர். சவுதார் என்றால் ருசியானது என்று அர்த்தம்.

வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு மகாத்தில் அந்தக் குளம்தான் கதி. சுற்றுப்புறக் கிராமங்களில் இருந்து தீண்டப்படாத மக்களும் மகாத்துக்கு வந்து போவார்கள். சாமான் வாங்க வருவார்கள். கிராமத்தில் வசூலான தீர்வையைத் தாலுகா கச்சேரியில் கொண்டுபோய்க் கட்டுவதும் அவர்கள் வேலைதான். சர்க்கார் பணத்தைச் சுமந்து வரலாம். வந்த களைப்புக்குக் குளத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது! குளத்தில் முஸ்லிம்கள் குடித்தார்கள். கிறிஸ்தவர்கள் குடித்தார்கள். ஆடு, மாடும் குடித்தது. தீண்டப்படாதவர்களுக்கு என்று ஊர்க்கோடியில், அவர்கள் தெருவில் தூர்ந்துபோன ஒரு கிணறு இருந்தது. அதை நகரசபை கவனிப்பதே இல்லை.

இதைச் சட்டம் அனுமதித்ததா? இல்லை. அதுதான் இதில் வேடிக்கை.

1923 ஆகஸ்டு மாதம், பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே என்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுப் பணத்தில் நடக்கும் குளம், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்களும் உபயோகிக்கலாம் என்பது தீர்மானம். அது நிறைவேறியது. இது முதல் காகிதம். அடுத்த மாதமே, தீர்மானத்தை அமல் நடத்தும்படி எல்லா இலாகாக்களுக்கும் மாகாண சர்க்கார் உத்தரவு போட்டது. இது இரண்டாவது காகிதம். 1924-ல் மகாத் நகரசபையும், "எங்கள் குளம் எல்லோருக்கும் பொது" என்று தீர்மானம் போட்டது. இது மூன்றாவது காகிதம்.

சட்டசபை சொல்லியாயிற்று. சர்க்கார் சொல்லியாயிற்று. நகரசபையும் சொல்லியாயிற்று. ஆனால் தீண்டப்படாதவர்களில் ஒருவராவது குளத்தில் இறங்க முடிந்ததா? முடியவில்லை. ஆண்டு மூன்று ஓடிவிட்டது. காகிதத்தைப் பிழிந்தால் தண்ணீர் வருமா?

குளத்தை நோக்கி

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாத்தில் ஒரு மகாநாடு கூடியது. ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் திரண்டு வந்தார்கள். மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அம்பேத்கார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துப் பட்டம் பெற்ற பாரிஸ்டர். வயது 35. மகாநாட்டுக்கு வந்தவர்கள் குடிப்பதற்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கவேண்டி இருந்தது. அந்தக் காலத்து 40 ரூபாய்! கண்ணுக்கு எதிரே குளம் நிறையத் தண்ணீர்.

இரண்டாம் நாள், கூட்டம் அணிவகுத்துப் புறப்பட்டது. கூச்சல் இல்லை, கலவரம் இல்லை. அம்பேத்கார் குளத்தில் இறங்கி, இரு கைகளாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குடித்தார்கள்.

சில மணி நேரத்துக்குள் ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. "குளத்தைத் தொட்டவர்கள் அடுத்து வீரேசுவரர் கோவிலுக்குள் நுழையப் போகிறார்கள்!" அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆனாலும், தடி எடுத்த ஒரு கும்பல் மகாநாட்டுப் பந்தலுக்குள் புகுந்தது. ஊருக்குத் திரும்பும் முன்பு சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். உணவை மண்ணில் கொட்டினார்கள். சுமார் 20 பேருக்குப் பலத்த காயம். சிலர் முஸ்லிம் வீடுகளில் புகுந்து தப்பினார்கள். திருப்பி அடிக்க ஆட்களும் இருந்தார்கள், ஆத்திரமும் இருந்தது. "கை ஓங்கக் கூடாது" என்று அம்பேத்கார் தடுத்துவிட்டார்.

பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எப்படித் தெரியுமா? 108 குடங்களில் தண்ணீர் முகந்து, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லி, மறுபடியும் குளத்திலேயே கொட்டினார்கள். மனிதன் கை பட்டதால் கெட்ட தண்ணீர், சாணம் கலந்ததும் சுத்தமாகிவிட்டதாம்!

ஓட்டுப் போட்டுப் பறித்தார்கள்

அடிதடி ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடக் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்தது. மகாத் நகரசபை கூடி, 1924-ல் போட்ட தன் தீர்மானத்தை ரத்து செய்தது.

நகரசபை என்பது மக்களின் பிரதிநிதிகள் கூடும் சபை. அங்கே ஓட்டுப் போட்டுத்தான் உரிமை கொடுத்தார்கள். அதே மாதிரி ஓட்டுப் போட்டு அந்த உரிமையைப் பறித்தார்கள். ஜனநாயகம் என்றால் அதிகம் பேர் சொல்வதுதான் முடிவு. சரி. ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் கூடி, "பத்தாவது ஆளுக்குத் தண்ணீர் இல்லை" என்று முடிவு செய்தால்? கைகளை எண்ணிப் பார்த்தால் அதுவும் ஜனநாயகம்தான். தாகத்தோடு நிற்கும் அந்தப் பத்தாவது ஆளைக் கேட்டால் வேறு பெயர் சொல்வான்.

டிசம்பர் மாதம் அம்பேத்கார் மீண்டும் மகாத்துக்கு வந்தார். இந்தத் தடவை எதிர்த்தரப்பார் முந்திக்கொண்டார்கள். "குளம் எங்களுக்குச் சொந்தம். தீண்டப்படாதவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது அனாதி கால வழக்கம்" என்று கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிசம்பர் 14-ந் தேதி இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். மகாநாட்டுக்கு ஊரில் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு முஸ்லிம் பெரியவர்தான் நிலம் கொடுத்தார். 25-ந் தேதி அங்கே மனு ஸ்மிருதி கொளுத்தப்பட்டது. அங்கே பேசிய அம்பேத்கார், 1789-ல் பிரான்சில் கூடிய தேசிய சபையோடு தங்கள் கூட்டத்தை ஒப்பிட்டார். தண்ணீர் குடிக்காமல் இத்தனை காலம் செத்தா போய்விட்டோம்? நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே இங்கே வந்தோம் என்பது அவர் பேச்சின் சாரம்.

தடையை மீறிக் குளத்தில் இறங்கலாம் என்று பலர் துடித்தார்கள். ஆனால் கோர்ட்டு உத்தரவுக்குக் கட்டுப்படுவது என்று முடிவாயிற்று. தண்ணீரைத் தொடாமல், குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து திரும்பினார்கள்.

வழக்கு நடந்தது, நடந்தது, ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் பம்பாய் ஐகோர்ட்டு 1937 மார்ச் 17-ந் தேதி தீர்ப்புச் சொல்லியது. 'அனாதி கால வழக்கம்' நிரூபிக்கப்படவில்லை. குளம் எல்லோருக்கும் பொது! தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர் நீதிபதி புரூம்பீல்டு. 1922-ல் மகாத்மா காந்திக்கு 6 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தவரும் இவர்தான். ஒரு கை தண்ணீர் குடிக்கும் உரிமைக்குத் தீர்ப்புக் கிடைக்க பத்தாண்டு. சரியாகச் சொன்னால், பத்தாண்டு நிறைய மூன்று நாள் பாக்கி!

துயர நதி

1942-ல் அம்பேத்கார் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா மெம்பர் ஆனார். இன்றைய மத்திய மந்திரி பதவி மாதிரி. நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. பள்ளிக்கூடத்துக் குழாயைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர் கையில், நாட்டு நதிகளின் திட்டம்!

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1943 ஜூலையில் தாமோதர் நதி கரையை உடைத்தது. சோட்டா நாகபுரி மலையில் பிறந்து வங்காளத்துக்கு இறங்கி வரும் நதி அது. 'வங்காளத்தின் துயரம்' என்றே அதற்குப் பெயர். ரெயில் பாதையும் பெரிய சாலையும் அரித்துக்கொண்டு போக, கல்கத்தா துண்டிக்கப்பட்டது. உலகப் போர் நடக்கும் நேரம். வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, அமெரிக்காவின் டென்னசி நதி நினைவுக்கு வந்தது. அங்கே 1933-ல் ஒரு தனி அமைப்பு ஏற்படுத்தி, நதிப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே திட்டமாகப் போட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த வூர்டுயின் என்ற என்ஜினீயர் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, தாமோதர் நதிக்குத் திட்டம் தயாரித்தார்.

இதில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. மழை பெய்வது மேலே, அன்றைய பீகாரில். வெள்ளம் புகுவது கீழே, வங்காளத்தில். வெள்ளத்தைத் தடுக்க அணை கட்டவேண்டிய இடம் மேலே இருக்கிறது. அணை கட்டினால் மேலே உள்ளவன் நிலம் முழுகும். கீழே உள்ளவன் பிழைப்பான். "உன் ஊரைக் காப்பாற்ற என் ஊர் முழுக வேண்டுமா?" என்று மேலே உள்ளவன் கேட்பானா, மாட்டானா?

இதற்கு அன்று சொல்லப்பட்ட விடை இரண்டு. ஒன்று, அணை வெள்ளத்தை மட்டும் தடுத்தால் போதாது. வயலுக்குப் பாசனம், தொழிலுக்கு மின்சாரம், போக்குவரத்துக்குப் படகு வழி, இத்தனையும் ஒரே அணையில் கிடைக்க வேண்டும். அப்போது மேலே உள்ளவனுக்கும் பங்கு உண்டு. இதைத்தான் பல நோக்கத் திட்டம் என்றார்கள். இரண்டு, நதியை மாகாணம் மாகாணமாகத் துண்டு போடாமல், பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே அமைப்பு கவனிக்க வேண்டும்.

1945-ல் பீகார், வங்காளப் பிரதிநிதிகளைக் கல்கத்தாவில் கூட்டி வைத்து அம்பேத்கார் பேசினார். திட்டத்தின் பலன் அடிமட்டத்தில் உள்ளவர் வரை போய்ச் சேரவேண்டும், பள்ளத்தாக்கில் வாழும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு வேண்டும் என்று வற்புறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் கட்டாக் நகரில் ஒரிசா நதிகளைப் பற்றிய கூட்டம் நடந்தது. வெள்ளத்தைத் தொல்லை என்று கருதி, எப்படியாவது கடலில் தள்ளிவிடுவதையே அதுவரை பலர் யோசித்து வந்தார்கள். அது தப்பு என்றார் அவர். தண்ணீர் மிஞ்சிக் கெட்டவர்களைவிட, இல்லாமல் கெட்டவர்களே அதிகம். வருகிற தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1901-ல் சுங்கச்சாவடியில் படுத்த இரவு அவருக்கு மறந்தா போயிருக்கும்?

ஒருவரே எல்லாம் செய்துவிட்டார் என்று சொல்வது சரியல்ல. ஏ.என். கோஸ்லா போன்ற பெரிய என்ஜினீயர்கள் உழைத்தார்கள். அவர் தலைமையில் 1945-ல் அமைந்த மத்திய நீர்வழிக் கமிஷன்தான் இன்றைய மத்திய நீர் ஆணையம். தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் பிறந்தது. ஆனால் அடித்தளம் போட்ட ஆண்டுகளில் அந்த இலாகாவின் நாற்காலியில் இருந்தவர் அம்பேத்கார்.

அரசியல் சட்டத்தில் கிணறு எதற்கு?

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்கு அம்பேத்கார் தலைவர். அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பச்சையாகப் பெயர் சொல்லி எழுதி இருக்கிறது. சர்க்கார் பணத்தில் பராமரிக்கப்படும் இவற்றையும், பொதுமக்களுக்கு என்று விடப்பட்டவற்றையும் உபயோகிக்க, சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது!

ஒரு தேசத்தின் பெரிய சட்டப் புத்தகத்தில் கிணற்றுக்கும் குளத்துக்கும் என்ன வேலை என்று தோன்றலாம். மகாத் நகரசபையை நினைத்துக்கொண்டால் விளங்கும். இனி எந்த நகரசபையும் கூடி, கை தூக்கி, இந்த உரிமையை ரத்து செய்ய முடியாது. ஒன்பது பேர் ஓட்டுப் போட்டாலும் பத்தாவது ஆளின் தண்ணீரைப் பறிக்க முடியாது. அடுத்து 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது.

மாநிலங்களின் நதிச் சண்டையையும் அரசியல் சட்டம் மறக்கவில்லை. அதற்கு 262-வது பிரிவு இருக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டு 1956-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின்படிதான் 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது.

தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர்

தாமோதர் திட்டத்தின் அணைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1953-ல் திலையா. 1955-ல் கோனார். 1957-ல் மைத்தான். 1959-ல் பாஞ்செட். முதலில் போட்ட திட்டத்தில் இன்னும் அணைகள் இருந்தன. கார்ப்பரேஷன் கட்டியது இந்த நான்கைத்தான். மைத்தானிலும் பாஞ்செட்டிலும் திட்டமிட்ட மட்டம் வரை நிலம் எடுக்காததால், முழு அளவு தண்ணீரைத் தேக்கவும் முடியவில்லை. வெள்ளம் குறைந்தது, நின்றுவிடவில்லை. 1978-ல் வங்காளம் மறுபடியும் முழுகியது. 2024-ல்கூட, அணையைத் திறந்துவிட்டதால்தான் வெள்ளம் என்று மேற்கு வங்காள அரசு கார்ப்பரேஷனோடு சண்டை போட்டது. மேலே உள்ளவன், கீழே உள்ளவன் வழக்கு இன்னும் ஓயவில்லை.

ஓட்டுச் சீட்டால் பறிக்க முடியாத உரிமை குளத்துக்குக் கிடைத்துவிட்டது. அணையில் முழுகிய ஊர்களுக்கு? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு எழுந்து போயின. அவர்களில் ஏராளமானோர் சந்தால் பழங்குடி மக்கள். நிலம் எடுக்க அப்போது இருந்தது 1894-ம் ஆண்டு வெள்ளைக்காரன் செய்த சட்டம். ஊராரைக் கலந்துகொள்ள வேண்டும், வேறு இடத்தில் குடி அமர்த்தித் தரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. "ஒவ்வொருவருக்கும் பங்கு" என்று 1945-ல் பேசியது பேச்சோடு நின்றது.

1959 டிசம்பர் 6-ந் தேதி பாஞ்செட் அணை திறப்பு விழா. பிரதமர் நேரு வந்திருந்தார். அணையைத் தாமே திறந்து வைக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அணை கட்ட உழைத்தவர்களில் ஒருவரான 15 வயதுச் சந்தால் பெண்ணை அழைத்து, பொத்தானை அழுத்தச் சொன்னார். நல்ல எண்ணம்தான். கைதட்டல் எழுந்தது, பத்திரிகைகளில் படம் வந்தது.

விழாவில் மாலை மரியாதையும் நடந்தது. அது வினையாக முடிந்தது. "மாலை மாற்றிவிட்டாய். இனி நீ அவர் மனைவி. அவர் நம் குலம் இல்லை" என்று அந்தப் பெண்ணின் சமூகத்தார் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1962-ல் கார்ப்பரேஷன் வேலையும் போயிற்று. பிழைப்புக்காக ஊர் ஊராக அலைந்தார். கார்ப்பரேஷன் வேலை திரும்பக் கிடைக்க 1985 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

1894-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2013-ல்தான் பாராளுமன்றம் புதுச் சட்டம் கொண்டு வந்தது. நிலம் எடுக்கும் முன்பு, அதனால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று பார்க்க வேண்டும். மக்களைக் கூட்டி விசாரிக்க வேண்டும். குடிபெயர்கிறவர்களுக்கு மறுவாழ்வு தரவேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. பாஞ்செட் அணையில் தண்ணீர் நிரம்பி அப்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

பொத்தானை அழுத்திய அந்தப் பெண்மணி 2023 நவம்பரில் காலமானார். அவர் பிறந்த ஊர் கர்போனா. அந்த ஊர், அவர் திறந்து வைத்த அணையின் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.